முழுவதும் விற்றுத் தீர்ந்த என் முதல் புத்தகம்

சிறுகதைத் தொகுப்பு போட்டவனுக்கு இரண்டு விதமான அவமானங்கள் வாய்க்கலாம். புத்தகம் விற்காமல் கட்டிலுக்கடியில் கிடப்பது ஒன்று. அது பொது அவமானம். எழுதுகிற எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் கிடைப்பது. இன்னொன்று, வெளியிட்ட அன்றைக்கே ஒரு பிரதிகூட மிச்சமில்லாமல் விற்றுத் தீர்வது. இந்த இரண்டாவது அவமானம் எனக்குத் தெரிந்து என் ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இன்றைக்கு நான் ஒரு பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கதைக்கு முதல் வரி எப்படி இருக்க வேண்டும், முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசிப் பிழைத்தவன். ஆனால் அந்த நாற்காலிக்கு நான் நேராக நடந்து போகவில்லை. காரைக்காலில் ஐஸ் பாக்டரியில் சீட்டுக் கிழித்தேன். டூரிங் டாக்கீஸுக்காகக் குதிரைவண்டியில் உட்கார்ந்து மைக் பிடித்தேன். டுடோரியலில் பொருளாதாரம் நடத்தினேன் (நான் படித்தது தமிழ். அந்த வருஷம் பொருளாதாரத்தில் யாரும் தேறவில்லை. நாடும் தேறவில்லை, அதற்கு நான் பொறுப்பில்லை). ஜபருல்லா நானாவின் அச்சகத்தில் கல்யாண வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தேன். கடைசியில் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக ட்யூட்டர் ஆனேன்.

இந்தத் 'தற்காலிக' என்ற சொல்தான் என் கழுத்தைப் பிடித்தது. தூரத்து உறவில் எனக்கு ஒரு மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா மாமாவுக்குச் சுகுணா என்று ஒரு பெண். சுகுணாவுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாமாவுக்கு அது போதவில்லை.

"தற்காலிக உத்தியோகத்துக்கு தற்காலிகமாத்தான் பொண்ணு குடுக்க முடியும். பரவாயில்லையா?" என்று கேட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு அளவாக ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்து குடிக்கிற மனிதர். என் முன்னால் எலுமிச்சை ஜூஸை வைத்துவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டும் ஒரே நிறத்தில் இருப்பதாக அவருக்கு அபிப்பிராயம்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியத்துக்கென்றே புதிதாக ஒரு விரிவுரையாளர் இடம் போட்டார்கள். நிரந்தரம். ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், முடிவு செய்வது பேராசிரியர் தணிகாசலம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னிலையில் என் புத்தகம் ஒன்று வெளிவந்து, அதை அவரே தன் வாயால் பாராட்டிவிட்டால், அப்புறம் நேர்முகத் தேர்வில் என்னை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழுமா? இதுதான் என் திட்டம். திட்டம் போடுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரன். அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கையில் இருப்பதில்லை.

கதைகள் தயாராக இருந்தன. எல்லாம் கிளிஞ்சல்மேட்டு மீனவர் வாழ்க்கை. (கிளிஞ்சல்மேட்டுக்கு நான் சைக்கிளில் போய்வந்தது உண்டு. கடலில் இறங்கியது இல்லை. கட்டுமரத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.) கதைக்கு ஒருவராகக் கடலில் முழுகிச் செத்தார்கள். தலைப்பு, 'நுரைகளின் பெருமூச்சு'. அப்போது அது எனக்கு ஆழமாகத் தெரிந்தது.

ஜபருல்லா நானாதான் அச்சிட ஒத்துக்கொண்டார். "வாப்பா காலத்துலேருந்து கல்யாணப் பத்திரிகைதான் அடிக்கிறோம், தம்பி. கதை அடிச்சதில்ல. அடிச்சுப் பாத்துருவோம்" என்றார். ஆனால் பேப்பர்? பத்திரிகை அடிக்க வாங்கி மிஞ்சிப்போன அட்டைத்தாள் அவரிடம் மலையாகக் கிடந்தது. அதிலேயே அடித்துவிட்டார். விளைவாக, வெற்றிலை மடிக்கிற அளவுக்கு இருக்க வேண்டிய என் கதைகள் செங்கல் கனத்துக்கு உப்பி நின்றன. புத்தகத்தைத் திறந்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடினால் 'டப்' என்று சத்தம் வரும். பின்னட்டையில் மோவாயில் கை வைத்துக்கொண்டு என் படம். அதன் கீழே அச்சக விலாசம். "கீழ போட்டாலும் கிழியாது தம்பி" என்றார் நானா பெருமையாக. இலக்கியத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமர்சனம் அதுதான்.

பேராசிரியரை அழைத்தேன். கூடவே, ஒரு துணிச்சலில், நான் கேள்விப்பட்டிருந்த கவிஞர்கள், கதாசிரியர்கள், விமர்சகர்கள் அத்தனை பேருக்கும் எழுதிப் போட்டேன். இந்த மாதிரி அழைப்புக்குப் பெரிய எழுத்தாளர்கள் பதில் போடுவதில்லை என்பது மரபு. எனக்கோ மறு தபாலில் சம்மதம் வந்து குவிந்தது. சென்னையிலிருந்து, மதுரையிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து. 'வழிச்செலவு நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர். 'முதல் நாளே வந்துவிடலாமா?' என்று இன்னொருவர். கடவுள் இல்லை என்று கவிதை எழுதுகிற ஒருவர், திருநள்ளாறு போய்ச் சனீஸ்வரனைத் தரிசிக்க நெடுநாள் ஆசை என்று எழுதியிருந்தார். என் எழுத்து ஒரு நாத்திகரைக்கூட அசைத்துவிட்டதே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கடல். மற்ற எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு. எழுபதுகளின் பின்பாதியில் தமிழ்நாட்டில் கடுமையான மதுவிலக்கு. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மதுக்கடை. வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை! நீங்கள் என்னை மட்டும் குறை சொல்லக் கூடாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மதுக்கடை என்பது தபாலாபீஸ் மாதிரி. தினமும் தாண்டிப் போவான். வேலை இருந்தால் நுழைவான். இல்லாவிட்டால் அது அங்கே இருப்பதே கண்ணில் படாது. வெளியூரிலிருந்து ஒருவர் ராத்திரியெல்லாம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு தபாலாபீஸ் பார்க்க வருவார் என்று யாருக்காவது தோன்றுமா?

ஒரு விமர்சகர், 'விழா எத்தனை மணிக்கு முடியும்? கடைகள் எத்தனை மணிக்கு மூடும்?' என்று கேட்டிருந்தார். பாவம், வீட்டுக்காரம்மாவுக்குச் சிங்கப்பூர்ப் புடவை வாங்குவார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

நானாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

"ஏன் தம்பி, இவ்வளோ பேரும் ஒன் கதைக்காகவா வர்றாங்க?"

"பின்ன எதுக்கு நானா?"

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார். "சரி, அல்லா இக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் மாலையே எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். விடுதியில் இறக்கிவிட்டு, "ஐயா, ஏதாவது வேணுமா?" என்று பேராசிரியரைக் கேட்டேன்.

"ஒன்றும் வேண்டாம், இளவலே. நாங்கள் உங்கள் நூலைப் பற்றிக் கொஞ்சம் கலந்து பேச வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்" என்றார். அவர் வீட்டு நாயிடம்கூட மேடைத்தமிழில்தான் பேசுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை விழா. எல்லோருடைய கண்ணும் சிவந்திருந்தது. விடிய விடிய என் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள்! நாத்திகக் கவிஞர் மேடைப்படியில் கால் வைக்கும்போது தடுமாறினார். என் கதைகளின் பாரம் அப்படி என்று நினைத்துக்கொண்டு கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

பேராசிரியர் வெளியிட, சொல்தா மாமா முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டார். (அவரை மடக்குவதற்காக நான் செய்த ஏற்பாடு. அவர் புத்தகத்தை வாங்கிக் கையில் எடை பார்த்தார். சல்யூட் அடித்தார். இறங்கிப் போய் முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்து, அதே விறைப்பில் தூங்கிப்போனார்.)

பேராசிரியர் பேசினார். "இந்த நூலில் கடல் இருக்கிறது. அலை இருக்கிறது. அலைக்குப் பின்னால் இன்னோர் அலை இருக்கிறது. இது ஒரு கனமான நூல். படித்துவிட்டு என் கண்கள் கலங்கிவிட்டன" என்றார். பிறகு சால்வையைச் சரி செய்துகொண்டு, "வெளியே கொஞ்சம் காற்று வாங்கி வருகிறேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்துப் பேசியவரும் பேசி முடித்துக் காற்று வாங்கப் போனார். அதற்கடுத்தவர் பேசுவதற்கு முன்பே போனார். காரைக்கால் காற்றுக்கு இவ்வளவு மவுசு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

என் ஏற்புரை வந்தபோது மேடையில் நாற்காலிகள் இருந்தன. கீழே மைக்செட்காரர், தூங்கும் மாமா, தலைக்கு எண்ணெய் தடவி வந்திருந்த என் மாணவர்கள் சிலர். ஒரு புத்தியுள்ளவன் நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கியிருப்பான். நான் காற்று வாங்கப் போனவர்கள் திரும்பி வரட்டும் என்று பேச்சை இழுத்தேன். கடலுக்கு நன்றி சொன்னேன். ஐஸ் பாக்டரிக்கு நன்றி சொன்னேன். என் பேனாவுக்கு நன்றி சொல்லும்போது குரல் உடைந்தது. மைக்செட்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மண்டபத்துக்கு எதிரே நானாவின் அச்சகத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பேராசிரியரின் காரோட்டி இந்த விஷயத்தில் கரைகண்டவர். எல்லையில் கார் சீட்டையும் பெட்டியையும் குடைந்து பார்க்கிறார்கள். புத்தகக் கட்டை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம்! பின்கட்டில் பைண்டிங் கத்தியை எடுத்து, முதலில் பத்துப் பக்கம், கடைசியில் பத்துப் பக்கம் விட்டுவிட்டு, நடுவில் அளவெடுத்து நீள்சதுரமாக வெட்டியிருக்கிறார். ஒரு புத்தகத்துக்கு ஒரு அரைப் பாட்டில், தொட்டிலில் குழந்தை மாதிரி. நான் பேச்சை இழுக்க இழுக்க அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. நாலு வார்த்தையோடு முடித்திருந்தால் என் கதைகளில் பாதியாவது பிழைத்திருக்கும்.

நானாவுக்கு இது தெரியாது. அவர் மண்டப வாசலில் மேஜை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் மேடையை விட்டு இறங்கியதும் ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் அவிழ்ந்திருந்தது.

"தம்பி! பூரா போயிடிச்சு!"

"என்ன நானா போயிடிச்சு?"

"புஸ்தகம்! பேராசிரியரு பல்கலைக்கழக லைப்ரேரிக்குன்னு ஒரு கட்டு. மத்தவங்க ஆளுக்கொரு கட்டு. கடைசியில ஒருத்தரு, எனக்குன்னு வச்சிருந்தத புடுங்கிட்டுப் போயிட்டாரு. ஒன் கையில ஒண்ணு இக்கிதா? இல்லியா? மாஷா அல்லா!"

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பதிப்பைத் துணி பைண்டிங்கில் போடலாமா, தங்க எழுத்துப் பதிக்கலாமா என்று அங்கேயே நின்று பேசினோம். என் வாழ்க்கையில் நான் எழுத்தாளனாக இருந்து மகிழ்ந்த நேரம் மொத்தமும் அந்த அரைமணிதான்.

அப்போது சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். எல்லைச் செக்போஸ்ட்டிலிருந்து வருகிறவர், தமிழ்நாட்டுப் போலீஸ்.

"நுரைகளின் பெருமூச்சு எழுதுனது யாருங்க?"

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். "நான்தாங்க. கையெழுத்து எங்க போடணும்?"

"எங்க போடணும்னு அய்யா சொல்லுவாரு. செக்போஸ்ட்டு வரைக்கும் கொஞ்சம் வாங்க. புஸ்தகத்தப் பாத்துட்டு ஒங்கள உடனே பாக்கணும்னு சொன்னாரு."

எங்கள் ஊருக்குள் அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் வாசகனுக்கு எதற்கு அதிகாரம்? நான் கிளம்பிவிட்டேன். சத்தத்தில் விழித்துக்கொண்ட சொல்தா மாமா, "போலீஸ் அதிகாரியே படிச்சிட்டுக் கூப்புடுறானா? அலே, கெளம்பு! நான் கொண்டாந்து வுடுறேன்" என்று தன் மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான் தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டே போனேன்.

செக்போஸ்ட்டில் பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில், விழாவில் போட்ட சால்வையை முக்காடாகப் போர்த்திக்கொண்டு பேராசிரியர் தணிகாசலம். அவருக்குப் பின்னால் திறந்தபடி அவருடைய கார். காரோட்டி இல்லை, கட்டைப் பிரித்ததும் வயலில் இறங்கி ஓடிவிட்டாராம். மற்ற எழுத்தாளர்கள் சேர்ந்து பிடித்த வேன், தூரத்திலிருந்தே இதைப் பார்த்துவிட்டுத் திருநள்ளாறு பக்கம் திரும்பிவிட்டதாம். தரிசனம் பாக்கி இருந்ததல்லவா.

மேஜைமேல் என் புத்தகங்கள். அதற்குப் பின்னால் மீசை வைத்த சப் இன்ஸ்பெக்டர். ஒரு பிரதியைக் கையில் வைத்திருந்தார்.

"நீங்கதான் எழுதுனதா?"

"ஆமாங்க."

"உக்காருங்க. மொத பத்துப் பக்கம் நல்லாத்தான் போவுது. அப்புறம் பாத்தா, நடுவுல ஒண்ணுமே இல்லியே சார்!"

விமர்சனம்! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது வேணும்னே செஞ்சதுங்க. நவீன கதையில நடுவுல இருக்கறத எழுத்தாளன் சொல்லக் கூடாது. வாசகன்தான் நிரப்பிக்கணும்."

"நிரப்பித்தான் வச்சிருந்தாங்க" என்று அவர் மேஜைக்கடியிலிருந்து ஓர் அரைப் பாட்டிலை எடுத்து, என் கதை நடுவில் இருந்த குழிக்குள் இறக்கிக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கடலில் முழுகிய என் மீனவர்கள் ஒருவரும் இல்லை. பக்க ஓரங்களில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'ஐயோ', 'ஆகவே', 'உப்பு' என்று சொற்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ரத்தம் கொதித்தது. (ஆனால் இப்போது நிதானமாக யோசித்தால், கதை முன்னைவிடச் சிக்கனமாகத்தான் இருந்தது.)

பெஞ்சிலிருந்து முக்காடு பேசியது. "இளவலே, வந்துவிட்டீர்களா? இந்த நூல்கள் நீங்கள் எனக்கு அன்பளிப்பாகத் தந்தவை அல்லவா? உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்? நீங்களே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்வையில் நேர்முகத் தேர்வு இருந்தது. நிரந்தரப் பதவி இருந்தது. சுகுணா இருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கண் கலங்கியவருக்கே தெரியவில்லை என்றால், என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் பேராசிரியர் ஜெயிலுக்கு, என் வேலை கடலுக்கு. பொய் சொன்னால் நான் ஜெயிலுக்கு, வேலை அப்படியும் கடலுக்கு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கிற மூளை எனக்கு அப்போது இல்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"எல்லாம் என்னுதுதாங்க."

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார் பின்னால் நின்ற மாமா.

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "ஓகோ. என்னா சரக்கு இது?"

"பிராந்திங்க."

"இது ரம்மு."

"ரம்முதாங்க. பிராந்தி கம்பெனி போடுற ரம்மு."

"எத்தன நாளா பழக்கம்?"

"சின்ன வயசுலேருந்துங்க."

"எப்படிக் குடிப்பீங்க?"

எங்கள் வீட்டில் பாட்டிலில் இருந்து நான் குடித்தது அஜீரணத்துக்குக் கொடுக்கும் அரிஷ்டம் ஒன்றுதான். "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு ஸ்பூன்" என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். சைக்கிள் போலீஸ்காரர் சிரித்தார். சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த நெல் வண்டிக்காரரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் குனிந்து கேட்டார்:

"ஒரு பொய்ய ஒழுங்கா சொல்ல வரல. நீங்க எப்படி சார் கதை எழுதுறீங்க?"

என் எழுத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு துல்லியமாக ஒருவரும் சொன்னதில்லை.

பிறகு பெஞ்சைப் பார்த்து, "அய்யா, முக்காட்ட எடுங்க. நீங்க பாடம் நடத்துறவரு. கேஸ் எழுதுனா பேப்பர்ல வந்துடும், ஒங்க பிள்ளைங்க படிக்கும். கேஸும் வேண்டாம், சரக்கும் வேண்டாம்" என்றார். சைக்கிள்காரருக்குச் சைகை காட்டினார். அவர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து சாலையோரத்து வாய்க்காலில் கவிழ்த்தார். களக் களக் என்று சத்தம்.

என் கதைகளைப் படித்துக் கண் கலங்கியதாகப் பேராசிரியர் மேடையில் சொன்னார் அல்லவா? அவர் உண்மையாகவே கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். கடைசிப் பாட்டில் கவிழ்ந்தபோது சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்தா மாமா தோழனை அடக்கம் செய்கிற சிப்பாய்போல அட்டென்ஷனில் நின்றார்.

"புஸ்தகத்த எடுத்துட்டுப் போங்க" என்றார் சப் இன்ஸ்பெக்டர் என்னிடம். "இங்க இருந்தா நான்தான் படிக்கணும்."

கட்டு முழுவதையும் மொபெட்டில் ஏற்ற முடியாது. மாமா ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஊர் எல்லை தாண்டும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பெண் போயிற்று என்று நான் முடிவுகட்டிவிட்டேன். போலீஸ் முன்னால் சாராயக் கட்டுக்குச் சொந்தம் கொண்டாடிய ஒருவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினார்.

"பயந்துட்டியா?"

"இல்ல மாமா. சத்தியமா அது என்னுது இல்ல..."

"சூ!" என்று வாயில் விரலை வைத்தார். "மேலதிகாரியக் காட்டிக் குடுக்காம தானே ஏத்துக்கிட்டே பாரு, பட்டாளத்துல அதுக்கு மெடல் குத்துவாங்க. நான் ஒன்ன எலுமிச்சம்பழ ஜூஸ்னு நெனச்சேன்டா. ரெண்டு ஸ்பூனாம், ரெண்டு ஸ்பூன்! போலீஸ்காரனையே ஏமாத்துறான். கள்ளன்!"

அவரை நான் திருத்தவில்லை. திருத்தினால் பெண் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏழு மணிக்கு எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது நான் ஜன்னலோரத்துக் குரோட்டன்ஸ் தொட்டிக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செடி அல்பாயுசில் போனது. காய்ந்ததற்குக் காரணம் மாமாவுக்குக் கடைசி வரை தெரியாது. சுகுணாவுக்கு முதல் நாளே தெரியும்.

வேலை? நேர்முகத் தேர்வுக்குப் போனேன். வெளியே பெஞ்சில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே குழுவினர் அவரவருக்குத் தோன்றியதைக் கேட்டார்கள். எனக்குத் தோன்றியதை நான் சொன்னேன். பேராசிரியர் என்னை அதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒரே கேள்வி கேட்டார்.

"சொந்த ஊருக்கு அடிக்கடி போவீர்களா?"

"மாசம் ஒரு தடவ போவேங்க, ஐயா."

"போதும்" என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

என் படைப்பாற்றலுக்குக் கிடைத்த வேலை என்று நான் நம்பியது முதல் மாதச் சனிக்கிழமை வரைக்கும்தான். நான் ஊருக்குக் கிளம்பும்போது துறைத்தலைவர் ஒரு பெரிய அகராதியைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க ஊர்ல பைண்டிங் நல்லா பண்ணுவாங்களாமே?" என்றார். அவருக்குப் பின்னால் கலைக்களஞ்சியத்தோடு ஒருவர். அவருக்குப் பின்னால் இரண்டு உரைநூல்களோடு ஒருவர். (உள்ளே பாட்டில் வைத்துக் கொண்டுவந்தேனா என்று கேட்கிறீர்களா? நானா வெறும் பைண்டிங் மட்டும் செய்து கொடுப்பார்; அட்டை அருமையாக இருக்கும். திங்கட்கிழமை நான் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் ஆவலோடு நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே அச்சடித்த எழுத்து மட்டும் இருக்கும். அந்த முகங்களை எழுத எனக்கு இன்னும் மொழி கூடவில்லை.) இருந்தாலும் நம்பிக்கையை அவர்கள் விடவில்லை. அடுத்த மாதமும் கொடுத்தார்கள். என்னைக் 'கவிஞரே' என்று கூப்பிட்டார்கள். நான் கவிதையே எழுதியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கடைகளைத் திறந்தார்கள். அந்த வாரமே எனக்குக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையை ஒதுக்கினார்கள். பேராசிரியர் தணிகாசலம் ஒரு கருத்தரங்கில், 'இன்றைய சிறுகதையின் மையத்தில் ஒரு வெற்றிடம் நிலவுகிறது' என்று பேசினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர், உனக்கென்ன அதில் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார். அந்த வெற்றிடத்தின் நீள அகலம்கூட எனக்குத் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகும் நான் எழுதினேன். சில புத்தகங்கள் வந்தன. எல்லாம் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. தூசு தட்டும்போது மட்டும் வெளியே வரும். அன்றைக்கு மாமா கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாரே, அந்த ஒரு பிரதியைக் கல்யாணச் சீரோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் சுகுணா பீரோ சாவியைப் போட்டு வைப்பது அதற்குள்தான். அளவு அப்படிப் பொருத்தம்.

"அம்மா, சாவி எங்கம்மா?" என்று பெண் கூடத்திலிருந்து கத்துவாள்.

"அப்பா கதைக்குள்ள இருக்கு, பாரு."

"கதைக்குள்ள ஒண்ணும் இல்லம்மா!"

"அது தெரிஞ்ச விஷயந்தானேடி. நல்லாக் கைய வுட்டுத் தேடு."

இப்போது பேரன் வந்துவிட்டான், அவனும் தேடுகிறான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் தினமும் யாராவது ஒருவர் தேடிப் பிடித்துத் திறக்கிற புத்தகம் அது ஒன்றுதான்.